அணைத்த பிறகும் விழித்திருக்கும் கணினி

விண்டோஸ் 95 பயன்படுத்தியவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. 'ஷட் டவுன்' கொடுத்ததும் திரை கறுப்பாகும். அதன் நடுவே ஆரஞ்சு நிற எழுத்துக்களில் 'இனி உங்கள் கணினியை அணைக்கலாம், ஆபத்தில்லை' என்ற பொருளில் ஒரு வாசகம் தோன்றும். அதற்குப் பிறகு மனிதன்தான் கையை நீட்டி சுவிட்சை அணைக்க வேண்டும். கணினிக்குத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளத் தெரியாது.

சில ஆண்டுகளில் அந்த வாசகம் காணாமல் போனது. ஷட் டவுன் கொடுத்தால் கணினி தானே அணைந்தது. வசதிதான். ஆனால் இதில் வேடிக்கை என்னவென்றால், தானே அணையத் தெரிந்த நாளிலிருந்து கணினி முழுவதுமாக அணைவதை நிறுத்திவிட்டது! திரை இருண்டு, ஃபேன் நின்ற பிறகும் உள்ளே ஒரு பகுதி மின்சாரம் குடித்துக்கொண்டு விழித்திருக்கிறது. அந்த மின்சாரத்துக்கும் யாரோ ஒருவர் காசு கொடுக்கிறார்.

மேசைக் கணினி மின்சாரத்தை எப்படிச் செலவழித்தது, சிக்கனத்தை எப்போது கற்றது, அதற்கு யார் காரணம் என்பது ஒரு சுவாரசியமான வரலாறு. மைக்ரோ சில்லு, மின்சாரக் கட்டணம், அரசாங்க ஆணை, நிறுவனங்களின் போட்டி எல்லாம் கலந்த கதை இது.

சிவப்பு சுவிட்ச்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தனது முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. மாடல் எண் 5150. இன்டெல் 8088 பிராசசர், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதன் பவர் சப்ளை, அதாவது நம் ஊர் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லப்படும் பெட்டி, தரக்கூடிய மின்சாரம் வெறும் 63.5 வாட். ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். 1983-ல் வந்த எக்ஸ்.டி. மாடலில் ஹார்ட் டிஸ்க் சேர்ந்தது; பவர் சப்ளை 130 வாட் ஆனது. 1984-ல் ஏ.டி. மாடலில் அது 192 வாட்.

இந்தக் கணினிகளின் பக்கவாட்டில், பின்புறமாக, ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச் இருந்தது. மேலே தள்ளினால் ஓடும். கீழே தள்ளினால் நிற்கும். நடுவில் வேறு நிலை எதுவும் கிடையாது. வீட்டுச் சுவரில் இருக்கும் ஃபேன் சுவிட்ச் போலத்தான். பிற்பாடு வந்த மலிவு விலைக் கணினிகளில் இந்த சுவிட்ச் பெட்டியின் முன்பக்கத்துக்கு வந்தது. ஆனால் அந்த முன்பக்க சுவிட்சுக்கே வீட்டு மின்சாரம் நேரடியாக வயரில் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்து வேலை செய்தவர்கள் பயந்து பயந்துதான் கை வைக்க வேண்டியிருந்தது.

மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்பிலும் ஒரு கண்டம் இருந்தது. பி8, பி9 என்று பார்க்க ஒரே மாதிரி இரண்டு இணைப்பிகள். மாற்றிச் செருகினால் மதர்போர்டு புகைந்துவிடும். 'கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும்' என்பதுதான் அன்றைய மெக்கானிக்குகளின் பாலபாடம்.

இந்தக் காலத்துக் கணினிக்கு 'சும்மா இருத்தல்' என்பதே தெரியாது. டாஸ் இயங்குதளத்தில் ஒருவர் கீபோர்டில் எதுவும் அடிக்காமல் காபி குடிக்கப் போனாலும், பிராசசர் 'எழுத்து வந்ததா, எழுத்து வந்ததா' என்று விநாடிக்குப் பல்லாயிரம் முறை கேட்டுக்கொண்டே ஓடும். இத்தனைக்கும் 1978-ல் வந்த 8086 பிராசசரிலேயே 'எச்.எல்.டி.' என்று ஒரு கட்டளை இருந்தது. வேலை வரும்வரை நில் என்று அதற்கு அர்த்தம். பல ஆண்டுகள் அதை மேசைக் கணினியில் மின்சாரம் சேமிக்கப் பயன்படுத்த யாரும் மெனக்கெடவில்லை. லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் வேலையில்லாத நேரத்தில் அந்தக் கட்டளையைப் பயன்படுத்தின. விண்டோஸ் 95 பயன்படுத்தவில்லை. சில கணினிகள் அந்தக் கட்டளையைக் கேட்டதும் நின்றவை நின்றபடியே உறைந்து போனதுதான் காரணம் என்று மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் பின்னாளில் விளக்கினார்.

மடியில் பிறந்த சிக்கனம்

சிக்கனத்தைக் கண்டுபிடித்தது மேசைக் கணினி அல்ல, மடிக்கணினி. காரணம் எளிது. மேசைக் கணினிக்குச் சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். மடிக்கணினிக்கு பேட்டரி தீர்ந்தால் கதை முடிந்தது. பற்றாக்குறை இருக்கும் இடத்தில்தான் கணக்குப் பார்க்கும் பழக்கம் வரும். இது பொருளாதாரத்தின் முதல் பாடம்.

1990-ல் இன்டெல் 386எஸ்எல் என்ற பிராசசரை மடிக்கணினிகளுக்காக வெளியிட்டது. அதில் 'சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோடு' என்ற புதிய வசதி இருந்தது. இயங்குதளத்துக்கே தெரியாமல், பயாஸ் மென்பொருள் இடையில் புகுந்து, வேலையில்லாத பகுதிகளின் மின்சாரத்தைக் குறைக்க இது வழி செய்தது.

1992 ஜனவரியில் இன்டெல்லும் மைக்ரோசாப்டும் சேர்ந்து ஏ.பி.எம்., அதாவது அட்வான்ஸ்டு பவர் மேனேஜ்மென்ட் என்ற தரத்தை வெளியிட்டன. இதில் எஜமானன் பயாஸ்தான். இத்தனை நிமிடம் கீபோர்டு, மவுஸ் அசையவில்லை என்றால் ஹார்ட் டிஸ்கை நிறுத்து, திரையை அணை, பிராசசரைத் தூங்க வை என்று பயாஸ் முடிவு செய்யும். இயங்குதளம் சம்மதம் சொல்லலாம் அல்லது மறுக்கலாம், அவ்வளவுதான்.

பிரச்சினை என்னவென்றால், பயாஸுக்குக் கண் கிடையாது. பயனர் தூங்கிவிட்டாரா, அல்லது கையைக் கட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. படத்தின் நடுவே திரை அணைவது, இறங்கிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்பது எல்லாம் நடந்தது. எரிச்சலடைந்த பலரும் பயாஸுக்குள் போய் அந்த வசதியையே அணைத்து வைத்தார்கள்.

30 வாட் நட்சத்திரம்

மேசைக் கணினிக்குச் சிக்கனம் வந்தது பொறியாளர்களால் மட்டும் அல்ல. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-ல் 'எனர்ஜி ஸ்டார்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் பொருட்களே கணினியும் மானிட்டரும்தான். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் பிறகுதான் வந்தன.

விதி சுருக்கமானது. சும்மா இருக்கும் நேரத்தில் கணினி தானாகத் தூங்கும் நிலைக்குச் செல்ல வேண்டும், அப்போது 30 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மானிட்டருக்கும் அதே 30 வாட். பின்பற்றினால் நட்சத்திர முத்திரையை ஒட்டிக்கொள்ளலாம். கட்டாயம் எதுவும் இல்லை.

கட்டாயம் இல்லாத திட்டத்தில் நிறுவனங்கள் ஏன் சேர வேண்டும்? அதற்கான பதில் 1993 ஏப்ரலில் வந்தது. அதிபர் பில் கிளிண்டன் 12845 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்கள் இனி வாங்கும் கணினி, மானிட்டர், பிரிண்டர் எல்லாம் எனர்ஜி ஸ்டார் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதே அது. அன்றைக்கு உலகிலேயே மிகப் பெரிய கணினி வாடிக்கையாளர் அமெரிக்க அரசாங்கம்தான். அந்த வாடிக்கையாளரை இழக்க எந்த நிறுவனம் விரும்பும்? சட்டம் போட்டு மிரட்டாமல், கொள்முதல் பட்டியலை மட்டும் மாற்றி ஒரு தொழில்துறையையே திருப்பியது அந்த ஆணை. அரசின் வாங்கும் சக்தி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தொண்ணூறுகளில் கணினி துவங்கும்போது கறுப்புத் திரையின் வலது மூலையில் அந்த எனர்ஜி ஸ்டார் சின்னம் தெரியும். அதைப் பல லட்சம் பேர் தினமும் பார்த்தார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

மானிட்டர்களுக்கு 1993-ல் வெசா அமைப்பு டி.பி.எம்.எஸ். என்ற தரத்தைக் கொண்டுவந்தது. இதன் தந்திரம் மிக அழகானது. புதிதாக ஒரு வயர்கூட சேர்க்கவில்லை. மானிட்டருக்கு ஏற்கெனவே கிடைமட்டம், செங்குத்து என இரண்டு ஒத்திசைவு சிக்னல்கள் செல்லும். கிடைமட்ட சிக்னலை மட்டும் நிறுத்தினால் 'ஸ்டாண்ட்பை'. செங்குத்தை மட்டும் நிறுத்தினால் 'சஸ்பெண்ட்'. இரண்டையும் நிறுத்தினால் 'ஆஃப்'. பேசுவதை நிறுத்துவதன் மூலமே செய்தி சொல்லும் முறை!

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். 'ஸ்கிரீன் சேவர்' மின்சாரத்தைச் சேமிக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஸ்கிரீன் சேவர் சேமித்தது திரையின் பாஸ்பர் பூச்சைத்தான். ஒரே படம் நெடுநேரம் நின்றால் பூச்சில் தழும்பு விழும் என்பதற்காக வந்தது அது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, பறக்கும் குழாய்களையும் நீந்தும் மீன்களையும் வரைவதற்கு பிராசசர் கூடுதலாகவே உழைத்தது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 கணினிகள் உள்ள ஒரு அலுவலகம். கணினி 60 வாட், பழைய மானிட்டர் 75 வாட் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் யாரும் அணைக்காமல் போனால் 16 மணி நேரத்தில் ஒரு கணினிக்கு 2.16 யூனிட். 100 கணினிக்கு ஓர் இரவில் 216 யூனிட். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 54,000 யூனிட். இரண்டும் 30 வாட்டில் தூங்கினால் ஓர் இரவுக்கு 96 யூனிட்தான். ஆண்டுக்கு 30,000 யூனிட் மிச்சம். யாரும் கூடுதலாக வேலை செய்யவில்லை, யாருடைய வேலையும் கெடவில்லை. ஆளில்லாத அறையில் எரிந்த காசு மட்டும் மிச்சம்.

பச்சை வயரும் ஊதா வயரும்

1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய வடிவமைப்பை வெளியிட்டது. இன்றைய மேசைக் கணினிப் பெட்டியின் அமைப்பு பெரும்பாலும் அதிலிருந்து வந்ததே. பி8, பி9 குழப்பம் போய், தவறாகச் செருகவே முடியாத 20 முனை இணைப்பி வந்தது. அதில் இரண்டு வயர்கள் வரலாற்றை மாற்றின.

ஒன்று ஊதா வயர். கணினி 'அணைந்து' இருக்கும்போதும் அதில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். இன்னொன்று பச்சை வயர். மதர்போர்டு அதை பூமியோடு இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். முழுமையாக விழித்துக்கொள்ளும், விட்டால் அணைந்துவிடும்.

அதாவது கணினியின் முன்னால் இருக்கும் பொத்தான் இனிமேல் மின்சார சுவிட்ச் அல்ல. அது ஒரு விண்ணப்பம். 'ஐயா, கொஞ்சம் எழுந்திருங்கள்' என்று மதர்போர்டைக் கேட்கும் அழைப்பு மணி. மணியைக் கேட்க யாராவது விழித்திருக்க வேண்டுமே! அதற்குத்தான் ஊதா வயர். கணினி உறைந்துவிட்டால் பொத்தானை 4 விநாடி அழுத்திப் பிடிக்கும் பழக்கமும் இதன் பிள்ளைதான். விண்ணப்பத்தைக் கேட்க இயங்குதளம் மறுத்தால், அதை மீறிச் செல்லும் வழி அது.

பழைய சுவிட்சுகளில் ஒரு கோடும் ஒரு வட்டமும் இருந்தன. கோடு என்றால் ஓடுகிறது, வட்டம் என்றால் அணைந்தது. புதிய பொத்தான்களில் உடைந்த வட்டத்துக்குள் கோடு புகுந்து நிற்கும் சின்னம் வந்தது. சர்வதேச தரத்தின்படி அதன் பழைய பொருள் 'ஸ்டாண்ட்பை', காத்திருக்கும் நிலை. சின்னம் உண்மையைத்தான் சொன்னது. மக்கள்தான் அதை 'ஆஃப்' என்று படித்தார்கள். 2004-ல் ஐ.இ.இ.இ. 1621 என்ற தரம், பொதுமக்கள் புரிந்துகொண்டபடியே அந்தச் சின்னத்துக்கு 'பவர்' என்று பொருள் கொடுத்துவிட்டது.

விழித்திருக்கும் அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் வந்தன. அதில் முக்கியமானது 'வேக் ஆன் லேன்'. நெட்வொர்க் கார்டு மட்டும் விழித்திருந்து வயரில் காது வைத்திருக்கும். 'மேஜிக் பாக்கெட்' என்ற செய்தி வந்தால் கணினியை எழுப்பும். அந்த மந்திரம் எளிமையானது. முதலில் எல்லா பிட்டுகளும் 1 ஆக உள்ள 6 பைட்டுகள், பிறகு அந்தக் கார்டின் முகவரி 16 முறை. தூங்குபவரின் பெயரை 16 தடவை கூப்பிட்டு எழுப்புவது போல. நூற்றுக்கணக்கான கணினிகளை இரவில் எழுப்பி, மென்பொருளைப் புதுப்பித்து, மறுபடி தூங்க வைக்க இது நிறுவனங்களுக்கு உதவியது.

அதிகாரம் கைமாறியது

பயாஸுக்குக் கண் இல்லை என்ற பிரச்சினைக்கு 1996 டிசம்பரில் ஒரு தீர்வு வந்தது. இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற தரத்தை வெளியிட்டன. இதில் எஜமானன் மாறினான். எதை எப்போது தூங்க வைப்பது என்ற முடிவு இயங்குதளத்தின் கைக்கு வந்தது. படம் ஓடுகிறதா, கோப்பு இறங்குகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்பதெல்லாம் அதற்குத்தானே தெரியும்.

ஏ.சி.பி.ஐ. தூக்கத்துக்கே ஒரு படிநிலை வகுத்தது. எஸ்0 முழு விழிப்பு. எஸ்1 லேசான தூக்கம். பிராசசர் நிற்கும், ஃபேன் ஓடலாம். எஸ்3 ஆழ்ந்த தூக்கம். நினைவகத்துக்கு மட்டும் ஊதா வயரிலிருந்து மின்சாரம், மற்றதெல்லாம் இருட்டு. எஸ்4 'ஹைபர்னேட்', நினைவகத்தில் உள்ளதை ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைதல். எஸ்5 என்பது மென்பொருள் வழியாக அணைத்தல். பிளக்கையே பிடுங்கினால் அது ஜி3. உண்மையான 'ஆஃப்' அது ஒன்றுதான்.

விண்டோஸ் 98-ம் விண்டோஸ் 2000-மும் இந்தத் தரத்தை ஏற்றன. ஆனால் நடைமுறை அவ்வளவு சுகமாக இல்லை. ஏ.சி.பி.ஐ. விவரணை நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. ஒவ்வொரு மதர்போர்டு நிறுவனமும் தன் பயாஸுக்குள் ஒரு அட்டவணையும் சிறு நிரல்களும் எழுதி வைக்க வேண்டும். அதை இயங்குதளம் படித்து இயக்க வேண்டும். பலர் அதைப் பிழையோடு எழுதினார்கள். விண்டோஸில் ஓடினால் போதும், சரக்கு விற்பனைக்குப் போய்விடும். தூங்கிய கணினி எழுந்திருக்காமல் போவதும், எழுந்த பின் ஒலியோ நெட்வொர்க்கோ வேலை செய்யாமல் போவதும் சாதாரணமாக நடந்தது.

இந்த இடத்தில் ஒரு சர்ச்சையும் உண்டு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் சக அதிகாரிகளுக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல், பின்னாளில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில் சாட்சிப் பொருளாக வெளியே வந்தது. ஏ.சி.பி.ஐ. விரிவாக்கங்களை ஏதாவது ஒரு வகையில் விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா, நாம் உழைத்த உழைப்பில் லினக்ஸ் நன்றாக ஓடினால் அது வருத்தமல்லவா என்ற தொனியில் அவர் யோசித்திருந்தார். அது அப்படியே நடந்தது என்று சொல்வதற்கில்லை. தரம் பொதுவாகவே இருந்தது. ஆனால் லினக்ஸ் பட்ட பாடு உண்மை. பயாஸ் 'நீ யார்?' என்று கேட்கும். லினக்ஸ் என்று உண்மையைச் சொன்னால் சோதிக்கப்படாத பாதையில் போய் மாட்டிக்கொள்ளும். எனவே 'நான் விண்டோஸ்' என்று பதில் சொல்ல லினக்ஸ் கற்றுக்கொண்டது. இன்றும் அப்படியே செய்கிறது. ஒரு பொதுத் தரம் காகிதத்தில் எல்லோருக்கும் சொந்தம். சந்தையில் அதிகம் விற்பவருக்கே சொந்தம்.

2013-ல் ஏ.சி.பி.ஐ. தரத்தின் பொறுப்பு யூ.இ.எஃப்.ஐ. ஃபோரம் என்ற அமைப்புக்கு மாறியது.

கொதித்த சில்லு

தூங்கும்போது மிச்சப்படுத்தியதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, விழித்திருக்கும்போது கணினி மேலும் மேலும் பசித்தது. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் எடுத்தது. அதற்கே ஃபேன் வேண்டுமா என்று மக்கள் ஆச்சரியப்பட்டார்கள். 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, 50 வாட்டைத் தாண்டியது. அதற்காகவே மதர்போர்டில் தனியாக 4 முனை கொண்ட 12 வோல்ட் இணைப்பி சேர்க்கப்பட்டது.

அந்நாளில் விளம்பரம் முழுவதும் கிகாஹெர்ட்ஸ்தான். வாங்குபவரும் அதைத்தான் கேட்டார். ஒரு சில்லு இயங்கும்போது எடுக்கும் மின்சாரம், வேகத்தின் மடங்காகவும் மின்னழுத்தத்தின் வர்க்கமாகவும் கூடும். 1974-ல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டிய வழிப்படி, டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தமும் குறைந்ததால் பல ஆண்டுகள் இந்தச் சுமை தெரியவில்லை. ஆனால் டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதானபோது, மூடியிருக்கும்போதும் அவற்றில் மின்சாரம் கசியத் தொடங்கியது. சரியாக மூடாத தண்ணீர்க் குழாய் போல. ஒன்று கசிந்தால் பரவாயில்லை. பல கோடி குழாய்கள் கசிந்தால்?

2001 பிப்ரவரியில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார். இதே போக்கில் போனால் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையையும், ராக்கெட்டின் முனையையும், கடைசியில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டும் என்றார். ஆனால் அவருடைய நிறுவனமே உடனே திரும்பவில்லை. 2004 பிப்ரவரியில் வந்த 'பிரெஸ்காட்' பென்டியம் 4-ன் வேகமான மாடல்கள் 100 வாட்டைத் தாண்டின. அதன் வாரிசாகத் திட்டமிட்ட 'தேஜஸ்' 2004 மே மாதம் கைவிடப்பட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்ததும் அக்டோபரில் ரத்தானது. அதே மாதம் ஒரு மாநாட்டு மேடையில் இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். வெப்பத்தைச் சமாளிக்க இன்டெல் முன்வைத்த பி.டி.எக்ஸ். பெட்டி வடிவமும் சந்தையில் எடுபடவில்லை. 2006-ல் அதுவும் கைவிடப்பட்டது.

தீர்வு மறுபடியும் மடிக்கணினிப் பக்கத்திலிருந்தே வந்தது. வேலை குறைவானபோது வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும் 'ஸ்பீட்ஸ்டெப்' 2000-ல் மடிக்கணினி பென்டியம் III-ல் வந்தது. மேசைக் கணினிக்கு அந்த யோசனையை ஏ.எம்.டி. 2003-ல் தன் அத்லான் 64-ல் 'கூல் அண்ட் கொயட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்டெல்லின் இஸ்ரேல் ஹைஃபா குழு மடிக்கணினிக்காக உருவாக்கிய பென்டியம் எம் 2003-ல் வெளியானது. அந்த வழியில் வந்ததே 2006 ஜூலையில் வெளியான கோர் 2 டுவோ. 2005-ல் வந்த பென்டியம் டி 840 130 வாட் வகை. கோர் 2 டுவோ 65 வாட் வகை. பாதி மின்சாரம், ஆனால் வேகம் அதிகம். ஏழை வீட்டுப் பிள்ளை கற்ற சிக்கனம் பணக்கார வீட்டைக் காப்பாற்றியது போல.

2008 நவம்பரில் வந்த கோர் ஐ7-ல் பிராசசருக்குள்ளேயே மின்சாரத்தைக் கவனிக்க ஒரு தனிப் பகுதி வைத்தார்கள். வேலையில்லாத கோரின் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும் வேலை அதற்கு. அந்தக் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள். ஒரு காலத்தில் மொத்த 486 பிராசசரே சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள்தான்!

யார் காசு, யார் சேமிப்பு?

இத்தனை நடந்தும், ஒரு திருடன் நெடுநாள் பிடிபடவில்லை. அவன் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது அதன் வேலை. 2000-களின் தொடக்கத்தில் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். 65 முதல் 70 சதவீதத் திறன் கொண்டது. மீதி வெறும் சூடாகப் போனது.

கணினியின் உள்ளே 100 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 65 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 154 வாட் இழுக்கும். 80 சதவீதமானால் 125 வாட் போதும். வித்தியாசம் 29 வாட். தினம் 8 மணி நேரம், 250 நாள் ஓடினால் ஆண்டுக்கு 58 யூனிட். கணினி 5 ஆண்டு உழைத்தால் 290 யூனிட். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கூடுதலாக ஆகும் செலவை இது பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும்.

அப்படியானால் ஏன் யாரும் செய்யவில்லை? மலிவான பெட்டியைப் போட்டு மிச்சம் பிடிப்பவர் தயாரிப்பாளர்; அதனால் ஏறும் மின்கட்டணத்தைக் கட்டுபவர் வாங்கியவர். அலுவலகத்தில் இன்னும் மோசம். கணினி வாங்குவது ஒரு துறை, கரண்ட் பில் கட்டுவது இன்னொரு துறை. விலைப்பட்டியலில் பிராசசர் வேகம் இருக்கும், ஹார்ட் டிஸ்க் அளவு இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். திறன் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத செலவை யாரும் பேரம் பேசுவதில்லை.

2004-ல் அமெரிக்காவின் ஈகோஸ் கன்சல்டிங் நிறுவனம் '80 பிளஸ்' திட்டத்தைத் தொடங்கியது. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் 80 சதவீதத் திறன் காட்டினால் சான்றிதழ். 2007 ஜூலையில் எனர்ஜி ஸ்டார் தன் புதிய விதிகளில் அதைச் சேர்த்தது. அதோடு, தூக்கத்தை மட்டும் அளந்த பழைய முறையை விட்டு, விழித்துக்கொண்டு சும்மா இருக்கும் நேரத்தையும் அளந்தது. பிறகு பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று படிகள் வந்தன. இன்று எஸ்.எம்.பி.எஸ். வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அந்த முத்திரையைத்தான். தெரியாத செலவுக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அது சந்தைக்கு வந்துவிட்டது.

ஊதா வயரின் கணக்கும் இதே காலத்தில் பார்க்கப்பட்டது. அணைந்த கணினி 5 வாட் எடுத்தால் ஆண்டு முழுவதும் சேர்ந்து 43.8 யூனிட். 1 வாட் என்றால் 8.76 யூனிட். 2001 ஜூலையில் அதிபர் ஜார்ஜ் புஷ், அரசு வாங்கும் கருவிகள் காத்திருப்பு நிலையில் 1 வாட்டுக்கு மேல் எடுக்காதவையாக இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் போட்ட விதி, வீட்டு, அலுவலகக் கருவிகளின் காத்திருப்புச் செலவை 2010-ல் 1 வாட்டுக்கும் 2013-ல் அரை வாட்டுக்கும் இறக்கியது. இந்த விதிகள் ஒரு நாட்டுக்கோ ஒரு கண்டத்துக்கோ உரியவை. ஆனால் தொழிற்சாலைகள் நாட்டுக்கொரு மதர்போர்டு செய்வதில்லை. எனவே பலன் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

மறுபடியும் ஏறும் வாட்

கதை இங்கே சுபம் என்று முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2022-ல் வந்த இன்டெல் கோர் ஐ9 13900கே பிராசசர் உச்ச வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும். அதே ஆண்டு வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டு 450 வாட். 1981-ன் ஐ.பி.எம். கணினிகள் ஏழை அந்த ஒரு கார்டின் மின்சாரத்தில் முழுச் சுமையில் ஓட்டலாம். அந்தக் கார்டுக்கு மின்சாரம் தரும் இணைப்பிகள் சிலருக்கு உருகிப் போனதும் அப்போது செய்தியானது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிரெஸ்காட் காலத்துக் கணினி சும்மா இருக்கும்போதும் சுட்டது. இன்றைய பிராசசர் வேலை வரும்போது பாய்ந்து, முடிந்ததும் ஒரு விநாடியில் சின்னஞ்சிறு பங்கு நேரத்தில் தூக்கத்துக்குத் திரும்புகிறது. கீபோர்டின் இரண்டு எழுத்துக்களுக்கு இடையில்கூட அது பலமுறை தூங்கி எழுகிறது. 8086-ல் யாரும் சீண்டாமல் கிடந்த 'நில்' என்ற கட்டளைதான் இந்த வித்தைக்கெல்லாம் மூதாதை.

மொத்தத்தில் பார்த்தால், மேசைக் கணினியின் சிக்கன வரலாற்றில் தொழில்நுட்பம் பெரும்பாலும் முன்பே தயாராக இருந்தது. இல்லாதது காரணம்தான். ஒரு முறை பேட்டரி காரணமானது. ஒரு முறை அரசின் கொள்முதல் பட்டியல். ஒரு முறை கொதித்த சில்லு. ஒரு முறை ஒரு சிறிய முத்திரை. செலவு யார் கண்ணில் பட வேண்டுமோ அவர் கண்ணில் பட்ட பிறகுதான் ஒவ்வொரு தடவையும் மாற்றம் வந்தது.

இரவு கணினியை அணைத்த பிறகு மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிவதைப் பல பெட்டிகளில் பார்க்கலாம். ஊதா வயர் தரும் வெளிச்சம் அது. அதையும் நிறுத்த வேண்டுமென்றால் வழி 1981-ல் இருந்ததுதான்: கையை நீட்டி, சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும்.